பதில் குரல்

குடியரசு பதினெட்டாம் ஆண்டின் வசந்தத்தில், காலைப் பலகாரம் முடிந்த கையோடு, சீன தேசத்தை நாலாயிரம் வருஷமாக ஆண்டுவந்த சாமிகள் அனைத்தும் இன்றோடு காலாவதியாகிவிட்டன என்று ஷென் கேயி அறிவித்தான். மழைச் சாமி, நெருப்புச் சாமி, அம்மைச் சாமி, அடுப்பங்கரைச் சாமி, கக்கூஸ் சாமி என்று யாருக்கும் விலக்கு இல்லை.

"இனிமே இந்த நாட்டுல மேலேர்ந்து கீழ வர்றது மழை மட்டும்தான்," என்றான். "அதுவும் விஞ்ஞானப்படிதான் வரும்."

இந்த அறிவிப்பை ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து கேட்டவர்கள் நாங்கள் நாலு பேரும் ஒரு வாத்தும். வாத்து பாதியில் எழுந்து போய்விட்டது. நாங்கள் கைதட்டினோம்.

கேயி ஹாங்சோ கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தான். நடுவகிடு, பவர் இல்லாத மூக்குக்கண்ணாடி, சட்டைப் பையில் பேனா. வந்ததும் மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினான். அவன் தலைவன். மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு பதவி கிடைத்தது. எங்கள் வீட்டில் ஏணி இருந்ததால் நானும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டேன். அன்றிலிருந்து என் பெயரே ஏணி.

எந்தச் சாமி இருக்கலாம், எது போகவேண்டும் என்று அரசாங்கமே உத்தரவு போட்டிருந்த சமயம் அது. எங்கள் ஊர்க் கோயில் சாமி வென் தளபதி போகவேண்டிய கூட்டத்தில் இருந்தார். தளபதி என்றால் பட்டாளத்துக்காரர் இல்லை. உயிரோடு இருந்தபோது பரீட்சையில் தேறாத ஓர் இளைஞர், அவ்வளவுதான். ஒருநாள் கொள்ளைநோய்ப் பேய்கள் ஊர்க் கிணற்றில் விஷம் கலப்பதைப் பார்த்துவிட்டார். தண்ணீர் எடுக்க வந்தவர்களிடம் சொன்னார். பரீட்சையில் தேறாதவன் சொல்வதை எவன் நம்புவான்? வேறு வழியில்லாமல் ஒரு வாளியைப் பிடுங்கி எல்லார் முன்னாலும் தானே குடித்தார். உடம்பெல்லாம் நீலம் பாரித்துச் செத்தார். ஊர் பிழைத்தது. அந்த நீல முகத்தோடுதான் கோயிலில் உட்கார்ந்திருந்தார். வருஷம் ஒருமுறை கொள்ளைநோயை விரட்டிக்கொண்டு பல்லக்கில் ஊர்வலம் வருவார்.

"தெரிஞ்சே விஷத்தைக் குடிக்கிறவன் பேரு சாமி இல்லடா," என்றான் கேயி. "முட்டாள். முட்டாளுக்கு எதுக்குடா பல்லக்கு?"

ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

கேயியோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு வருகிற ஆள் ஒருவன் உண்டு. அவன் அக்கா யின்குயியின் மகன், ஆறு வயது. யின்குயிக்குப் புருஷன் இல்லை, ஆற்றோடு போனவன். அதற்கு முன்பே இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. மூன்றாவதையாவது பேய்கள் சீந்தாமல் இருக்கட்டும் என்று சாணிக்கூடை என்று பெயர் வைத்தாள். தெருவே அவனைக் கூடை என்று கூப்பிட்டது. அம்மா செத்தபின் தம்பியை வளர்த்தவளும் அவள்தான். துணிச்செருப்புக்கு அடி தைத்துத் தைத்து அவனைக் கல்லூரிக்கு அனுப்பினாள். கேயியின் பகுத்தறிவு முழுக்க அவள் விரல் நுனியில் ஊசி குத்திக் குத்தி வந்தது. அவன் மூக்குக்கண்ணாடியும் அப்படி வந்ததுதான்.

கோயிலில் கேயி கூடையைத் தூக்கி நேராகத் தளபதியின் மடியில் உட்காரவைத்தான்.

"பயமா இருக்கா?"

"இல்ல மாமா," என்றான் கூடை, இரண்டு கையாலும் தளபதியின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு. "மாமா, கீழ தள்ளினா சாமிக்கு வலிக்குமா?"

"மண்ணுக்கு எங்கடா வலிக்கும்?"

"உள்ள?"

"உள்ளயும் மண்ணுதான். மாமா சொன்னா நம்பு."

கூடை நம்பினான். மாமா சொன்னால் அவன் எதையும் நம்புவான். நிலாவில் முயல் இல்லை என்பதைக்கூட அழுதுகொண்டே நம்பினவன்.

அவனை இறக்கி ஓரமாக நிறுத்திவிட்டுக் கயிறு போட்டு இழுத்தோம். தளபதி முன்பக்கமாகச் சாய்ந்து, கல் தரையில் விழுந்து, வயிறு பிளந்தார்.

எங்களில் யாருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கவில்லை. கல்லூரியில் அதைச் சொல்லித்தருவதில்லை. சாமி சிலை செய்கிறவர்கள் சும்மா மண்ணைக் குழைத்து வைத்துவிட்டுப் போவதில்லை. உயிர் வரவேண்டும் என்று முதுகில் ஒரு பொந்து விட்டு, உள்ளே எல்லாம் வைத்துத்தான் மூடுவார்கள். நெஞ்சுக்குச் சின்னச் செம்புக் கண்ணாடி. ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பஞ்சு அடைத்த பைகள். குடலுக்குச் சிவப்புப் பட்டு, சுருள் சுருளாக. அந்தப் பட்டு இப்போது உடைந்த வயிற்றிலிருந்து வழிந்து, கூடையின் காலடி வரை உருண்டு வந்தது.

"மாமா!" என்று அலறினான் கூடை. "குடல்! சாமிக்குக் குடல் இருக்கு மாமா!"

"அது பட்டுத்துணிடா. தொட்டுப் பாரு."

"மண்ணுன்னு சொன்னியே! உள்ளயும் மண்ணுன்னு சொன்னியே!"

அதுதான் அவன் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம். அன்று சோறு சாப்பிடவில்லை. விடிந்தபோது உடம்பு அடுப்பு மாதிரி கொதித்தது. பகல் முழுக்க ஈரத்துணி போட்டும் சூடு இறங்கவில்லை. கண் மேலே செருகிக்கொண்டது.

எங்கள் ஊரில் இதற்கு எல்லாத் தாய்மாருக்கும் வைத்தியம் தெரியும். பயந்த பிள்ளையின் உசிரு, பயந்த இடத்திலேயே விழுந்து கிடக்கும். உடம்பு மட்டும் வீட்டுக்கு வந்திருக்கும். பொழுது சாயும் நேரத்தில் பிள்ளையின் சட்டையைத் துடைப்பக் கட்டையில் மாட்டி எடுத்துக்கொண்டு, தாய் அந்த இடத்துக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிடவேண்டும். வீட்டு ஆள் ஒருவர் பின்னாலேயே நடந்து, பிள்ளைக்குப் பதிலாக "வந்துட்டேன்" என்று குரல் கொடுக்கவேண்டும். தாய் கூப்பிட, அவர் பதில் சொல்ல, வீடு வரை வரவேண்டும். தாய் திரும்பிப் பார்க்கக் கூடாது. பதில் குரல் இல்லாமல் கூப்பிட்டால், கதவு திறக்காத வீட்டில் தட்டிக்கொண்டு நிற்பது போலத்தான்.

யின்குயி முதலில் கோயில் பூசாரி லாவ் பியிடம் ஓடினாள். லாவ் பி தாவோ மதப் பூசாரி. வானுலகக் கச்சேரிக்கு மஞ்சள் காகிதத்தில் மனு எழுதி எரித்து அனுப்புவது அவர் தொழில். அன்று கோயில் முற்றத்தில் தன் கோழிகளைக் கூண்டுக்குள் அடைத்துக்கொண்டிருந்தார்.

"தாயே, தளபதியை ஏணி வெச்சு இறக்கிட்டானுங்க. மேசையில அதிகாரி இல்ல, நான் யாருக்கு மனு போடறது?" என்றார். "நீயே போய்க் கூப்பிடு. உன் வீட்டுல ஆம்பளைன்னு உன் தம்பிதானே? அவனைப் பதில் சொல்லச் சொல்லு. தாய்மாமன் குரலுக்குப் பிள்ளை வரும்."

அவள் வீட்டுக்கு வந்தபோது, கேயி பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தயாராக வைத்திருந்தான். ஆற்றுக்குக் கீழே பெரிய ஊரில் ஆஸ்பத்திரி இருந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் கடைசிப் படகு.

"அக்கா, கிளம்பு. இது காய்ச்சல். காய்ச்சலுக்கு ஊசி போடணும்."

"வர்றேன்டா. நீ சொல்ற ஆஸ்பத்திரிக்கே வர்றேன். அதுக்கு முன்னாடி கோயில்லேர்ந்து இவனைக் கூப்பிட்டுட்டு வந்துடறேன். நீ பின்னாடி வந்து பதில் சொல்லு. போற வழிதானே, படகுக்கு நேரம் இருக்கு."

"நானா?"

"பின்ன யாரு, உன் நடுவகிடா? ஒரே வார்த்தை. 'வந்துட்டேன்'. அவ்வளவுதான். அதுக்கு நீ பரீட்சைகூட எழுத வேண்டாம்."

"அக்கா, நான் சங்கத்தோட தலைவன். நேத்துக் காலையில சாமியை உடைச்சேன். இன்னைக்குச் சாயங்காலம் துடைப்பத்துக்குப் பின்னாடி நடந்து போனா ஊர் எதால சிரிக்கும் தெரியுமா?"

"ஊர் சிரிச்சுட்டுப் போகட்டும். பிள்ளை வந்துடுவான்ல?"

"பிள்ளை எங்கயும் போகலை. இதோ என் கையிலதான் இருக்கான்!"

யின்குயி போர்வைக்குள் பார்த்தாள். "இது அவன் உடம்புடா," என்றாள் மெதுவாக. "அவனை இங்க விட்டுட்டு வெறும் உடம்பை எங்க தூக்கிட்டுப் போறது? திரும்பி வர வழி தெரியுமா அவனுக்கு? படித்துறையைத் தாண்டி அவன் போனதே இல்லையே."

கேயி பிள்ளையைக் கட்டிலில் கிடத்திவிட்டு வெளியே போய்விட்டான். கோபத்தில் நேராகக் கோயிலுக்கு வந்தான். அங்கே நாங்கள் தளபதியைக் கூடைகளில் அள்ளிக்கொண்டிருந்தோம். நெஞ்சுக் கண்ணாடியைச் சங்கம் பறிமுதல் செய்து, தலைவாருவதற்காகத் தூணில் மாட்டியிருந்தது.

பொழுது சாயும்போது அவள் வந்தாள். கோயில் கதவை நாங்கள் உள்ளே தாழ் போட்டிருந்தோம். வெளியே அவள் குரல் மட்டும் கேட்டது.

"கூடை! வீட்டுக்கு வாடா, என் கண்ணு! அம்மா வந்திருக்கேன், வாடா!"

பதிலுக்குக் காத்திருந்தாள். மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் காத்திருந்தாள். சங்கத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கேயி காலியாக இருந்த பீடத்தில் ஏறி உட்கார்ந்தான். இதை நான் நியாயமாகச் சொல்லவேண்டும். அவன் கெட்ட எண்ணத்தில் ஏறவில்லை. சின்ன வயதிலிருந்தே அக்காவைச் சிரிக்கவைத்துத்தான் அவன் எல்லாக் காரியத்தையும் சாதித்தான். அடிக்கக் கை ஓங்கியவளைச் சிரிக்கவைப்பான், கை தானாக இறங்கிவிடும். இப்போதும் அவள் சிரித்துவிடுவாள், காதைத் திருகுவாள், படகுக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தான். வயிற்றிலிருந்து குரலை எடுத்து, நாடகத்து ராஜா மாதிரி முழங்கினான்.

"யாரம்மா அது? கூடையை நான் சேவகனாகச் சேர்த்துக்கொண்டேன்! பல்லக்குக்கு முன்னால் கொடி பிடிக்க ஆள் இல்லை. இனி அவன் வரமாட்டான், போ!"

உள்ளே சிரிப்பு வெடித்தது. வெளியே ஒன்றும் இல்லை. துடைப்பம் கல்லில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

கேயி தாழைத் திறந்துகொண்டு ஓடினான். அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். சிரிக்கவில்லை.

"அக்கா, நான்தான் அக்கா. விளையாட்டுக்கு. என் குரல் தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுதுடா," என்றாள் யின்குயி. "உன் குரல்தான். சாமி யார் குரல்ல வேணும்னாலும் பேசும்."

கடைசிப் படகு போய்விட்டது. அவள் அதற்கு அவசரப்படவும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கட்டிலருகில் உட்கார்ந்து, கூடையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள், யாரிடமோ கொடுத்தனுப்பப் போகிற பிள்ளைக்குத் தேய்ப்பது போல. விடிந்ததும் முதல் படகில் கேயி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினான். நானும் போனேன். ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர், நல்ல மருந்து, சுத்தமான வெள்ளைத் துணி. எல்லாம் கேயி சொன்ன மாதிரியே இருந்தது. டாக்டர் மூளைக் காய்ச்சல் என்றார். "நேத்தே கொண்டு வந்திருந்தா..." என்று ஆரம்பித்தார். கேயியின் முகத்தைப் பார்த்தார். கை கழுவப் போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் கூடை செத்துப்போனான்.

எங்கள் வழக்கத்தில் வயது நிரம்பாத பிள்ளைக்குச் சடங்கு கிடையாது. சீக்கிரம் போன பிள்ளை பெற்றவர்களுக்குக் கடன்பட்டவன், அவனுக்கு யாரும் தலைவணங்கக் கூடாது என்பார்கள். ஊதுவத்தி இல்லை, காகிதப் பணம் எரிப்பது இல்லை, பூசாரி இல்லை, மேளம் இல்லை. பாயில் சுற்றி, மலைச்சரிவில், பெயர்ப்பலகை இல்லாமல் ஒரு குழி. ஆக, சங்கத்தின் விதிகள் ஒன்றுகூட மீறப்படாமல் எங்கள் ஊரில் நடந்த முதல் சாவு கூடையுடையதுதான். தலைவர் முழுப் பாயையும் தானே சுமந்து போனார். பாய் பெரிதாக இருந்தது. இரண்டு தடவை சுற்றியும் மிச்சம் இருந்தது.

கோயில் வாசகசாலை ஆயிற்று. சாயங்கால வேளைகளில் கேயி அங்கே படகுக்காரர்களுக்கும் காய்கறிக்காரர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தான். லாவ் பி கூலிக்குக் கூட்டிப் பெருக்கினார். கோழிகளும் திரும்பி வந்துவிட்டன.

யின்குயியும் வந்தாள். ஒவ்வொரு நாளும் பொழுது சாயும்போது, துடைப்பக் கட்டையில் கூடையின் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"கூடை! வீட்டுக்கு வாடா, என் கண்ணு!"

அழவில்லை. தலை வாரியிருந்தாள். கடைத்தெருவில் விளையாடப் போன பிள்ளையைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரல். கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பாள். அந்தக் காத்திருத்தலைத்தான் தெருவால் தாங்க முடியவில்லை. அவள் வரும்போதே கதவுகள் சாத்திக்கொள்ளும். முதல் நாள் நான் வாசலில் நின்று ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். டோஃபு விற்கும் அத்தை எங்கிருந்தோ வந்து என் காதைப் பிடித்து இழுத்தாள்.

"வாயை மூடுடா, ஏணி! செத்த பிள்ளையைக் கூப்பிடறா. அதுக்குப் பதில் சொன்னவன் இருப்பானா? அது வந்து அவன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் போயிடும்."

"அப்ப யார்தான் பதில் சொல்றது அத்தை?"

"சொல்லவேண்டிய நேரத்துல சொல்லவேண்டியவன் சொல்லலையே," என்றாள். உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தவனுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள்.

கேயிக்குக் கேட்டது. அவன் பாடத்தைச் சத்தமாக நடத்தினான். வெளியே குரல் எழும்போதெல்லாம் வகுப்பை ஒருசேரக் கத்தவைத்தான். "மனுஷன்! கை! கால்!" என்று முரட்டுப் படகுக்காரர்கள் கூரை அதிரக் கத்தினார்கள். அதற்கு நடுவிலும் அவள் குரல் எப்படியோ நுழைந்து வந்தது. ஒருநாள் லாவ் பியிடம் போய், "இதுக்கு ஏதாவது சடங்கு இருந்தா பண்ணித் தொலைங்க, எனக்குத் தெரியாம பண்ணுங்க," என்று அவன் முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

லாவ் பி துடைப்பத்தில் சாய்ந்து நின்று மூக்கைச் சிந்தினார். "சாமிக்கு மனு எழுதத் தெரியும் தம்பி. ஒரு தாய்க்கு என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியாது. எங்க வாத்தியாருக்கும் தெரியாது."

பிளம் பழுக்கும் மாதத்து மழை தொடங்கியது. வழக்கமாகத் தளபதி பல்லக்கில் ஊர்வலம் வருகிற மாதம். இந்த வருஷம் ஊர்வலம் இல்லை. அன்று மழை சன்னமாகப் பெய்துகொண்டிருந்தது. வகுப்பில் 'வாய்' என்ற எழுத்து. எங்கள் எழுத்தில் வாய் என்பது ஒரு வெறும் கட்டம், உள்ளே ஒன்றும் இருக்காது. கேயி பலகையில் அந்தக் கட்டத்தை வரைந்தான்.

"கூடை! மழை வருதுடா! வீட்டுக்கு வா, என் கண்ணு!"

"வாய்!" என்று கத்தினார்கள் படகுக்காரர்கள். கேயி சொல்லாமலே கத்தினார்கள். அவனுக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான்.

கேயி கையை உயர்த்தினான். எல்லாரும் அடங்கினார்கள். மழைச் சத்தம் கேட்டது. வாசலில் அவள் காத்திருப்பது கேட்டது. அவன் சாக்குக்கட்டியைப் பலகை ஓரத்தில் வைத்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தான். யாரையும் பார்க்காமல், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வெளியே போனான்.

நான் விளக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

யின்குயி அதற்குள் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தாள். துடைப்பக் கட்டையில் சட்டை நனைந்து தொங்கியது. கேயி அவளுக்குச் சற்றுப் பின்னால் நடந்தான். தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. டோஃபு அத்தையின் கதவு மட்டும் பாதியில் நின்றது.

"கூடை," என்றாள் யின்குயி, திரும்பாமல். "பாலம் வருதுடா. படி வழுக்கும். பயப்படாம வா."

"வந்துட்டேன்மா," என்றான் கேயி.

ராஜா குரல் இல்லை. பிள்ளைக் குரலாக மாற்றவும் இல்லை. சின்னதாக, உடைந்து, அவனுடைய குரலாகவே வந்தது. டோஃபு அத்தை கதவிடுக்கில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

யின்குயி நின்றாள். திரும்பிவிடுவாளோ என்று நினைத்தேன். திரும்பவில்லை. மறுபடி நடந்தாள். ஆனால் இப்போது அடியைச் சின்னதாக வைத்தாள். ஒரு படி இறங்கி நின்று, அடுத்த படி இறங்கினாள். ஆறு வயதுக் கால்கள் கூட வருவதற்குத் தக்கபடி நடந்தாள். பின்னால் அந்த நெட்டை ஆளும் அதே மாதிரி, ஒரு படிக்கு இரண்டு காலையும் வைத்து இறங்கினான்.

"கிணத்துக்கிட்ட எட்டிப் பாக்காத."

"பாக்கலம்மா."

"கூடை, வீட்டுக்கு வா."

"வந்துட்டேன்மா."

அவர்கள் வீட்டு வாசல் வந்தது. எங்கள் வட்டாரத்து வீடுகளில் வாசல் நிலையின் குறுக்குப்படி முழங்கால் உயரம் இருக்கும். அவள் பாவாடையைத் தூக்கித் தாண்டி உள்ளே போனாள். இருட்டில் நின்றுகொண்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னாள்:

"படி உயரம்டா. பிடிச்சுக்கிட்டு ஏறு."

கேயி அந்தக் குறுக்குப்படிக்கு முன்னால் குனிந்தான். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான். முதலில் ஒரு காலைத் தூக்கிப் போட்டு, படிமேல் வயிற்றை வைத்து, பிறகு அடுத்த காலை இழுத்துக்கொண்டு உள்ளே இறங்கினான்.